வலது கை வீசாத நடை

ரோலா, ஷார்ஜா
மே 18, 2024

மைனிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் போவதில்லை. காரணத்தை வாட்ஸ்அப்பில் சொன்னால் உடனே அழைப்பீர்கள். பேச்சில் நான் ஏதாவது உளறுவேன், நீங்கள் அழுவீர்கள். அதனால்தான் மின்னஞ்சல். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தாளில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். 'என் அண்ணன் செல்வசிங் கடலில் இறந்துவிட்டார் என்று மனசாட்சிப்படி நம்புகிறேன்.' உடல் கிடைக்காதவரின் மனைவி மறுபடி கோயிலில் தாலி கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், வீட்டு ஆள் ஒருவர் ஆயர் இல்லத்துக்கு இப்படி எழுதித் தர வேண்டும் என்று பங்குத் தந்தை சொன்னாராம். அம்மாவும் போனபிறகு வீட்டு ஆள் என்று நான் ஒருவன்தான். எல்லாம் புரிகிறது. போன மாதம் கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டு அனுப்பியிருப்பேன். ராஸ் அல் கைமா கடலில் அண்ணனின் மீன் படகு கவிழ்ந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ரோலாவில் அண்ணனைப் பார்த்தேன்.

நீங்கள் முதலில் கேட்கப் போகும் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். எந்தக் கண்ணால் பார்த்தாய்? ஜூன் ஆறாம் தேதி எனக்கு லேசர் சிகிச்சை, நான் வேலை செய்யும் கண் மருத்துவமனையிலேயே. அதற்கு முன்பே கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். லென்ஸ் வருஷக்கணக்காகக் கருவிழியின் மேல் உட்கார்ந்து அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றியிருக்கும். கருவிழி தன் பழைய வடிவத்துக்கு வந்தபிறகு அளந்தால்தான் லேசருக்குக் கொடுக்கிற கணக்குச் சரியாக இருக்கும். ஆகவே இப்போது கல்லூரிக் காலத்துக் கண்ணாடியோடு நடமாடுகிறேன். என் பவர் மைனஸ் ஏழு, கண்ணாடி மைனஸ் நாலரை. லேசர் இயந்திரத்தைப் பராமரிக்கிறவனிடம் ஒழுங்கான கண்ணாடி இல்லை, சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்காக எவன் புதுக் கண்ணாடி செய்வான்?

எனவே முகம் தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஏழாம் வகுப்பு வரை கண்ணாடியே கிடையாது. கரையில் யார் வருகிறார் என்று நான் முகத்தை வைத்துக் கண்டுபிடித்ததே இல்லை. கிட்டப்பார்வைக்காரனுக்கு முகம் என்பது கடைசியில் தெரிகிற விஷயம். அதற்கு வெகு முன்பே தோள் தெரியும், கால் தெரியும், நடை தெரியும். அண்ணனின் நடை உங்களுக்கும் தெரியும். கால்களை அகட்டி வைப்பார். இடது கை வீசும், வலது கை வீசாது. இடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத கயிற்றைப் பிடித்திருப்பதுபோல அப்படியே நிற்கும். கல்யாணப் பந்தலுக்குள் உங்கள் பக்கத்தில் நடந்து வந்தபோதுகூட அந்தக் கை அப்படித்தான் இருந்தது. வீடியோவில் பாருங்கள்.

பூங்காவை ஒட்டி, பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் அந்த நடை போய்க்கொண்டிருந்தது. "லேய் செல்வசிங்" என்று கத்தினேன். அண்ணனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதித் தெரு திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் திரும்பவில்லை. நடுவில் துபாய் பஸ் ஒன்று வந்து நின்றது. அது நகர்ந்தபோது ஆள் இல்லை.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இறந்துவிட்டார் என்று எழுதித் தர முடியாது என்கிறேன். கண் சரியானதும் தேடுவேன். அதுவரை பொறுங்கள்.

பெபின்


சலாலா
மே 21

பெபின்,

முழுவதும் படித்தேன். நீ சொன்னபடி இப்போது திட்டுகிறேன்.

லேய், உனக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அங்கேயும் ஏதாவது மெஷினை மாட்டி வைத்திருக்கிறாயா? பிரசவ வார்டில் டூட்டியில் இருந்தபோது உன் கடிதத்தைத் திறந்தேன். 'அண்ணனைப் பார்த்தேன்' என்ற வரி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பிள்ளைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. வேறு சிஸ்டரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். எத்தனையோ வருஷமாக நர்சாக இருக்கிறேன், இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

உயிரோடு இருந்தால் அவர் ஏன் ரோலாவில் நடக்கணும்? ஷார்ஜாவில் தம்பி இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு ஒரு போன் போட விரல் இல்லையா? அப்படி ஒளிந்து நடக்கிற ஆளா உன் அண்ணன்? கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவனையே வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தவர்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. படகு கவிழ்ந்ததில் பிழைத்து வந்த ஆன்றோ, ஊருக்கு வந்ததும் நேராக என்னைப் பார்க்க வந்தான். கவிழ்ந்த படகின் முதுகில் அவனும் இன்னொருவனும் ஏறிக் கிடந்தார்களாம். அடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதாம். உன் அண்ணன் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு உள்ளே இருந்து தட்டினார். இவர்கள் மேலிருந்து தட்டினார்கள், அவர் பதிலுக்குத் தட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு இவர்கள் தட்டினார்கள், பதில் வரவில்லை. அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஆன்றோ என் முன்னால் வந்ததே இல்லை, என்னைக் கண்டால் வேறு தெருவழியாகப் போய்விடுவான்.

நான் அந்தச் சத்தத்தோடுதான் இத்தனை வருஷமாகத் தூங்கி எழுகிறேன். உனக்கு வந்தது மங்கலாக ஒரு நடை. எனக்கு வந்தது இது. எது பெரிது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், கணக்குத்தான் உனக்கு வருமே.

ஜெனிஸ்டனுக்கு செப்டம்பரில் லீவு. எங்கள் மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறார், குளச்சல்காரர், மனைவியை இழந்தவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும். ஓலை வாசிக்க ஆயர் இல்லத்து அனுமதி வேண்டும். அனுமதிக்கு உன் ஒற்றைக் கையெழுத்து வேண்டும். அது தெரிந்துதானே இந்த விளையாட்டு? நான் சாகிறவரை செல்வசிங் பெண்டாட்டியாகவே இருக்கணும் உனக்கு. அதை நேராகச் சொல்லிவிட்டுப் போ.

வாட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்துவிட்டேன்.

அஜிஷா


ரோலா
மே 24

மைனிக்கு,

தட்டிய விஷயம் எனக்குத் தெரியாது. ஆன்றோ என்னிடம் 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும்தான் சொன்னான். அதற்குமேல் அதைப்பற்றி என்னால் எழுத முடியாது.

அவர் ஏன் போன் செய்யவில்லை, ஏன் ரோலாவில் நடக்கிறார், தெரியாது. நினைவு தப்பியிருக்கலாம், எல்லை தாண்டி வேறு நாட்டுச் சிறையில் இருந்து வந்திருக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். ஒவ்வொன்றும் ஓட்டைப் பானை. எனக்கே தெரிகிறது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத எனக்கு வராது.

நீங்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று நான் நினைத்ததே இல்லை. ஜெனிஸ்டனோடு போனில் பேசினேனே, எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வேலை என்ன என்று கேட்டு, நான் சொன்னதும் தன் கண்ணாடிக்கு இலவச யோசனை கேட்காத முதல் ஆள் அவர்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று வையுங்கள். ஓலை வாசித்து, தாலி கட்டி, சலாலாவில் வீடு எடுத்துக் குடியிருக்கிறீர்கள். ஒருநாள் துபாய் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி, வலது கை வீசாமல் உங்கள் தெருவில் நடந்து வருகிறார். கதவை யார் திறப்பது? நீங்களா, ஜெனிஸ்டனா?

யோசித்துவிட்டு மறுபடி திட்டுங்கள்.

பெபின்


சலாலா
ஜூன் 6

பெபின்,

உன் அந்தக் கடைசிக் கேள்வியைப் படிக்காமலே அழித்திருக்கலாம்.

வார்டில் யாராவது நடந்து போனால் நான் இப்போது முகம் பார்ப்பதில்லை, கால் பார்க்கிறேன். பிறகு கை பார்க்கிறேன். காய்கறிக் கடையில், லிஃப்டுக்கு முன்னால், எங்கே நின்றாலும் இதே வேலை. டூட்டி முடிந்து ரூமுக்குப் போகிறவள், துபாய் பஸ் வந்து நிற்கும் இடம் வழியாகச் சுற்றிப் போகிறேன். எதற்கு என்று கூட வருகிற சரோஜா சிஸ்டர் கேட்டாள். "காலுக்கு நல்லது" என்றேன். "உன் காலுக்கா, இறங்கி வருகிறவன் காலுக்கா?" என்றாள். பார்த்துவிட்டிருக்கிறாள்.

நேற்று ஜெனிஸ்டன் என்னோடு கேன்டீன் வரை நடந்து வந்தார். இரண்டு கையையும் வீசி வீசி நடக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். "என்ன அஜிஷா, என்னையே பார்க்கிறாய்?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். லேய் மக்கா, அந்தச் சிகிச்சையைத் தள்ளிப் போடு. உன் கண் சரியானபிறகு தேடுவேன் என்கிறாய். அவரை அடையாளம் கண்டது உன்னுடைய இந்தக் கண்தான். நல்ல கண் உள்ளவர்கள் ரோலாவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், ஊர்க்காரர்களே எவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்காவது அவர் தென்பட்டாரா? உனக்கு மட்டும்தான் தென்பட்டார். அந்த மங்கலைத் துடைத்துவிட்டால் அவர் அதோடு போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் கண்டுபிடி, பிறகு கண்ணைச் சரிசெய்துகொள்.

உன்னைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். அழைத்தேன், போன் அணைந்திருக்கிறது. இன்று ஆறாம் தேதி என்று இதை எழுதும்போதுதான் தலையில் உறைக்கிறது. இன்னும் உள்ளே போயிருக்கமாட்டாய் என்று நினைத்து அனுப்புகிறேன்.

மைனி


ரோலா
ஜூன் 11

மைனிக்கு,

திரையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் காகிதத்தில், பெரிய எழுத்தில். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் இருப்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மருத்துவமனை டிரைவர் சாகிர் சொந்தக்காரரைப் பார்க்கச் சலாலா வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். உங்கள் கடிதத்தை என் போனில் எனக்குப் படித்துக் காட்டியதும் அவர்தான். படித்து முடித்துவிட்டு, "தம்பி, நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

தாமதமாகக் கேட்டீர்கள், மைனி. செய்தாகிவிட்டது.

தினமும் காலையில் ஆள் வருவதற்கு முன்னால் அந்த இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து லேசரைச் சுடுவேன். வெட்டு சரியான ஆழத்தில் விழுகிறதா என்று அளந்து, சரி என்று எழுதினால்தான் அன்றைக்கு மருத்துவர் வேலையைத் தொடங்குவார். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அடியில் படுத்ததில்லை. அன்று காலையும் நானே சோதித்தேன். நானே சரி என்று எழுதினேன். பிறகு நானே படுத்தேன்.

டாக்டர் ஹனான், எகிப்துக்காரர், "பச்சை விளக்கை மட்டும் பார் பெபின், வேறு எதையும் தேடாதே" என்றார். கண்ணில் ஒரு வளையத்தை வைத்து அழுத்துவார்கள். கண் அசையாமல் பிடித்துக்கொள்ள. அந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் பார்வை போய்விடும். இது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன், 'ஒன்றுமில்லை, இருட்டாகும், திரும்ப வரும்' என்று. இருட்டானது. ஒன்றுமில்லாமல் இல்லை. முழு இருட்டு, தலைக்கு மேலே பெரியதாக ஏதோ கவிழ்ந்திருக்கிறது.

பிறகு கருவிழியின் மேல்தோலை மெல்லிய மூடிபோலத் தூக்குகிறார்கள். பச்சை விளக்கு திரும்ப வந்தது, ஆனால் உடைந்து, நெளிந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல. அப்போது லேசர் ஆரம்பித்தது. அதற்கு ஒரு சத்தம் உண்டு. டக் டக் டக் என்று தட்டுகிற சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். அடியில் படுத்துக் கேட்டால் அது வேறு. மேலே இருந்து யாரோ தட்டுகிறார்கள்.

உங்கள் மே மாதக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு அது வெறும் இயந்திரச் சத்தமாக இருந்திருக்கும். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சத்தம் நின்றது. "கலாஸ்", முடிந்தது என்றார் டாக்டர். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பதில் சொல்லவில்லையே என்று இருந்தது. படுக்கையின் இரும்பு விளிம்பில் விரலால் தட்டினேன். நர்ஸ் குனிந்து, "வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

இப்போது பார்வைப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன். எதிர்க் கட்டடத்து மாடியில் காயும் சட்டையின் பொத்தான் தெரிகிறது. சாயங்காலம் விளக்குப் போட்டால் மட்டும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம். சில மாதத்தில் போய்விடும். வெள்ளிக்கிழமை முதல் தேடப் போகிறேன்.

பெபின்


சலாலா
ஜூன் 16

பெபின்,

சாகிர் அண்ணன் வந்து கடிதம் தந்தார். வாசலிலேயே நின்று, "பிள்ளைக்குக் கண் நல்லாயிருக்கு, நீங்க கவலைப்படாதீங்கம்மா" என்றார். யாருக்கு எதற்குக் கவலை என்று எல்லாம் தெரிந்த மாதிரி பார்த்தார்.

கையெழுத்து சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. படித்துவிட்டு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. அதனால் இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், வந்துவிடப் போகிறது.

ஜெனிஸ்டனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் ரோலா, உன் கண், பஸ் நிற்கும் இடம், எல்லாம். "சரி, நானும் காத்திருக்கிறேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒருவரைக் காத்திருக்க வைத்திருக்கிறேன். ஒரு மனிதரை இரண்டு பேர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதில் ஒருவர் அவர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு. அது யார் என்று எனக்கே சில நாள் குழப்பமாகிவிடுகிறது.

தேடு. ஆனால் முகத்தைப் பார்க்காதே.

மைனி


ரோலா
ஜூலை 21

மைனிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

நீங்கள் சொன்னது சரி. கண் சரியானதும் நடையைப் பார்க்கும் வித்தை போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் பூங்கா ஓரம் நின்றேன். முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் கண் முகத்துக்குத்தான் போகிறது, காலுக்கு இறங்க மறுக்கிறது. முகத்தைப் பார்த்த உடனே, இது அண்ணன் இல்லை, இதுவும் அண்ணன் இல்லை. ரோலா முழுக்க அண்ணன் இல்லாதவர்கள்.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கண் வறண்டுபோகும். கூழ் மாதிரி ஒரு மருந்து விட வேண்டும். விட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கும், பிறகு தெளியும். முந்தாநாள் பெஞ்சில் உட்கார்ந்து மருந்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். அந்த மங்கலுக்குள் அவர் நடந்து வந்தார். கால் அகட்டி, வலது கை வீசாமல். ஓடிப்போய் அந்த வலது கையைப் பிடித்தேன்.

"க்யா ஹுவா பாய்? ஆங்க் மே குச் கிரா?" என்றார். கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று. மருந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. கண் தெளிந்தது. நரைத்த மீசை, முன்பல்லில் ஒன்று இல்லை. குஜராத், வேராவல் பக்கம். அண்ணன் ஜாடைகூட இல்லை.

எனக்குத் தெரிந்த இந்தியில், "என் அண்ணன் மாதிரி நடக்கிறீர்கள்" என்றேன்.

"அண்ணன் என்ன வேலை?"

"ராஸ் அல் கைமாவில் மீன் படகு."

சிரித்துவிட்டார். "நானும் அங்கேதான். அப்புறம் வேறெப்படி நடப்பேன்? துறைமுகத்துக்கு வா. எங்களில் வேறு மாதிரி நடக்கிறவன் எவனாவது இருந்தால் காட்டு, அவனுக்கு டீ வாங்கித் தருகிறேன்."

"அண்ணன் இப்போ எங்கே?" என்று பிறகு கேட்டார். நான் இன்னொரு கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். "அச்சா" என்றார், மெதுவாக. நான் அவர் கையை விட்டுவிட்டேன், அவர் என் கையை விடவில்லை. இரண்டு கடைத் தூரம் அப்படியே நடந்தோம்.

நேற்று ராஸ் அல் கைமா போனேன். படகுகளைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையைப்பற்றி அந்த மீசைக்காரரிடம் கேட்டேன். படகு எந்த நேரம் ஆடும் என்று தெரியாதாம், அதனால் ஒரு கை எப்போதும் எதையாவது பிடிக்கத் தயாராக இருக்குமாம். வருஷக்கணக்கில் பழகிவிட்டால், கரையில் இறங்கிவிட்டோம் என்பது காலுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது என்றார். நான் பிறந்து வளர்ந்தது கடற்கரையில். இதை ஒரு குஜராத்திக்காரர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் ஒருவரைத் தவிர வேறு யாரையும் நான் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அங்கேயே ஒரு மீன் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு கண்ணிலும் மருந்து விட்டேன். விட வேண்டிய நேரம் இல்லை. வேண்டுமென்றே விட்டேன்.

துறைமுகம் முழுவதும் அண்ணன். படகிலிருந்து தாவி இறங்கியவர் அண்ணன். வலையைத் தோளில் போட்டு வந்தவர் அண்ணன். டீக்கடைக்குப் போனவர்கள் மூன்று அண்ணன். ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர். எல்லோரும் கால் அகட்டி, வலது கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, யாரும் என் பக்கம் திரும்பாமல். பிறகு மருந்து கரைந்தது. ஒருவர் வங்காளி ஆனார். ஒருவர் மலையாளி. ஒருவர் யாரென்றே தெரியாத கிழவர். ஒவ்வொருவராக அண்ணன் இல்லாமல் போனார்கள். கடைசியில் யாரும் இல்லை.

அப்போது கண்ணில் வந்தது மருந்து இல்லை.

காலையில் இயந்திரத்தை ஓடவிடும்போது இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. லேசர் நின்றதும் அதன் மேல்மூடியில் விரலால் பதிலுக்குத் தட்டிவிட்டுத்தான் 'சரி' என்று எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் சகுனம் பார்க்கிறான் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ரோலாவில் நான் பார்த்தது யார் என்று எனக்கு இன்னமும் தெரியாது. இந்தக் குஜராத்திக்காரராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். தாள் அதைக் கேட்கவில்லை. என் அண்ணன் இறந்துவிட்டார் என்று நம்புகிறாயா என்று கேட்கிறது. நம்புகிறேன். கண்ணால் பார்த்து இல்லை. பதில் வராததால்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் பங்குத் தந்தைக்கு அனுப்பமாட்டேன். எதிரே வருகிறவர்களின் கால்களைப் பார்க்கும் பழக்கத்தை உங்களுக்கு உண்டாக்கியவன் நான். அதைச் சரிசெய்ய என்னிடம் இயந்திரம் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெபின்


சலாலா
ஆகஸ்ட் 2

பெபின்,

நீ 'எத்தனை நாள் வேண்டுமானாலும்' என்று எழுதியதை நாலு தரம் படித்தேன். பிறந்ததிலிருந்து நீ யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாய்.

இங்கே இது சாரல் காலம். மலையிலிருந்து இறங்குகிற பனி கடல்வரை மூடிக்கிடக்கிறது. பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டுப் போகின்றன. இந்த மாதங்களில் சலாலாவில் எல்லோருக்கும் உன் பழைய கண்தான். பக்கத்தில் வந்தபிறகுதான் யாருக்கும் முகம் வரும்.

நேற்றுச் சாயங்காலம் டூட்டி முடிந்து கடலோரச் சாலையில் நடந்தேன். ஜெனிஸ்டன் டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தார், நான் தனியாக நின்றேன். எதிரே பனிக்குள் ஒரு ஆள் வருவது தெரிந்தது. முதலில் நிழல்தான், பிறகு தோள், பிறகு கால். கால் அகட்டியிருந்தது. இடது கை வீசியது. வலது கை வீசவில்லை.

மீன் துறைமுகத்து ஆளாக இருக்கும். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது, எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என் உடம்பு அந்த நடைக்கு எழுந்து நின்றது. இன்னும் நாலு அடி வந்தால் முகம் தெரிந்துவிடும். தெரிந்தால் அவரும் உன் துறைமுகத்து ஆட்கள்போல ஒரு வங்காளியாகவோ கிழவராகவோ ஆகிவிடுவார்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

காலடிச் சத்தம் வந்தது. ஈரத்தில் செருப்பு ஒட்டி ஒட்டி எழுகிற சத்தம். என் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நின்றது. ஒருத்தி நடுரோட்டில் கண்ணை மூடி நின்றால் யாராக இருந்தாலும் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். மீன் வாடை வந்தது, டீசல் வாடை வந்தது. நான் திறக்கவில்லை. வேலைக்குப் போகிற உன் அண்ணனை வாசலில் நின்று அனுப்பும்போது எப்போதும் சொல்கிற 'போயிட்டு வாங்க' வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "போங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. இப்போதும் நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருப்பார்.

காலடி கடந்து போனது. திரும்பிப் பார்க்கவில்லை. அது கேட்காமல் போகிறவரை அப்படியே நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது கடைப் பக்கத்துப் பனியில் இன்னொரு ஆள் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் டீ, சிந்திவிடக் கூடாது என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை அதற்கும் சேர்த்து வைத்து வீசு வீசு என்று வீசிக்கொண்டு. முகம் தெரிவதற்கு முன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பரில் நீ வர வேண்டும். உன் அண்ணன் வீட்டு ஆளாக இல்லை, என் வீட்டு ஆளாக வந்து நில். லீவு கிடைக்காது என்று அந்த டாக்டர் சொன்னால் போனை என்னிடம் கொடு.

தாளை அனுப்பிவிடு.

மைனி